கூரையேறாத பல்

போன மாதம் மகளுக்கு முதல் பால்பல் விழுந்தது. ஆறு வயது. கீழ்வரிசை முன்பல். வீடியோ காலில் காட்டியதும் அம்மாவுக்கு ஒரே கவலை. "ஏய்யா, குப்பையில போட்றாதய்யா. சாணியில வச்சு உருட்டிக் கூரை மேல எறி. அப்பத்தான் அடுத்த பல்லு ஒழுங்கா மொளைக்கும்."

ஹண்டிங்டனில் சாணிக்கு எங்கே போவது? பள்ளியில் வேறு கதை சொல்லியிருந்தார்கள். பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்தால் ராத்திரி ஒரு தேவதை வந்து காசு வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகுமாம். அன்றைக்கு ராத்திரி தேவதை நான்தான். ஒரு பவுண்ட் நாணயத்தை வைத்துவிட்டுப் பல்லை ஒரு டப்பாவில் போட்டேன். தூக்கிப்போட மனசு வரவில்லை. நான் தினமும் வேலைக்குப் போகும் சாலையோரம் கிடைத்த ஒருவனின் பல்தான் அதற்குக் காரணம்.

ஹண்டிங்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் போவது ஏ14 நெடுஞ்சாலை. சில ஆண்டுகளுக்கு முன் அதைப் புதிதாக அகலப்படுத்தியபோது, வழிநெடுகத் தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். ஆஃபர்ட் க்ளூனி என்ற கிராமத்தருகே ஒரு பள்ளத்தில் ஓர் இளைஞனின் எலும்புக்கூடு கிடைத்தது. வயது 18க்கும் 25க்கும் இடையில். பக்கத்தில் ஒரு பானையோ கத்தியோ மணியோ இல்லை. ரோமானியர் காலத்து விவசாயி என்று எழுதி மூடிவைத்திருக்கலாம். உள்காதின் சிறிய எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவன் அந்த ஊர்க்காரனே இல்லை என்று. அவனுடைய மரபணு காகசஸ் பகுதியோடும் சர்மாத்தியர்களோடும் பொருந்தியது. 2023 டிசம்பரில் ஆய்வு வெளியானது. கி.பி. 126க்கும் 228க்கும் இடையில் வாழ்ந்தவன்.

சர்மாத்தியர்கள் யூரல் மலைப்பக்கத்திலிருந்து டான்யூப் நதிவரை பரந்த புல்வெளியில் குதிரையும் ஆடுமாடுமாகத் திரிந்த நாடோடிகள். ஈரானிய மொழி பேசியவர்கள். எழுதிவைத்ததில்லை. அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி கிரேக்கரும் ரோமானியரும் எழுதியது, மீதி அவர்களுடைய சமாதிகள் சொல்வது. அந்தச் சமாதிகளுக்குக் குர்கான் என்று பெயர். குழி வெட்டிச் செத்தவரைக் கிடத்தி, மேலே மண்மேடு குவிப்பார்கள். நிரந்தர வீடே கட்டாதவர்கள், செத்தவருக்கு மட்டும் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி ஓர் அடையாளம் வைத்தார்கள்.

உள்ளே வைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. போகிற வழிக்கு ஆட்டின் முன்காலும் அதை அறுக்க ஒரு கத்தியும் வைப்பார்கள். வாள், அம்பு, கண்ணாடி, சுண்ணாம்புக் கட்டி. ரஷ்யாவும் கஜகஸ்தானும் சந்திக்கும் எல்லையில் பொக்ரோவ்கா என்ற இடத்தில் 1990களில் தோண்டியபோது 13, 14 வயதுப் பெண் ஒருத்தியின் குழி கிடைத்தது. அம்பறாத்தூணி நிறைய வெண்கல அம்புமுனைகள், ஓர் இரும்புக் குத்துவாள். சின்ன வயதிலிருந்தே குதிரையேறி அவள் கால் எலும்புகள் வளைந்திருந்ததாக அகழ்ந்தவர்கள் எழுதினார்கள். அவள் யார் என்று தெரிந்தவர்கள் புதைத்த குழி அது. அவளுக்கு என்னென்ன தேவைப்படும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆஃபர்ட் பையனுக்கு அப்படி யாரும் இல்லை போலிருக்கிறது. அவன் இங்கே எப்படி வந்தான்? கி.பி. 175இல் ரோமப் பேரரசர் மார்கஸ் அவுரேலியஸ், சர்மாத்தியரில் ஒரு பிரிவான இயாஸிகர்களோடு சமாதானம் செய்துகொண்டார். அவர்கள் 8,000 குதிரைவீரர்களைக் கொடுக்கவேண்டியிருந்தது, அதில் 5,500 பேர் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார்கள் என்று காசியஸ் டியோ எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் வடமேற்கில் ரிப்செஸ்டரில் கிடைத்த கல்வெட்டு ஒன்றில் சர்மாத்தியக் குதிரைப்படையின் பெயர் இருக்கிறது. அந்தக் கூட்டத்தோடு இவனும் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள்.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது அந்தப் படைக்கணக்கு இல்லை, அவன் பல்லில் இருந்த கணக்கு. பல்லின் எனாமல் ஒருமுறை உருவானால் பிறகு மாறாது. நம் சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், எழுதிவிட்டால் அழிக்கவோ திருத்தவோ முடியாத லாக் ஃபைல். ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு வயதில் உருவாகிறது. அந்தந்த வயதில் தின்றதும் குடித்ததும் அதில் பதிந்துவிடும். சோளம், கம்பு, தினை போன்ற பயிர்கள் ஒளிச்சேர்க்கை செய்யும் முறை வேறு, நெல்லும் கோதுமையும் செய்யும் முறை வேறு. அதனால் அவை உடம்பில் விட்டுச்செல்லும் கார்பனும் வேறு. அவன் பல்லைப் படித்தவர்கள் சொன்னது: ஐந்தாறு வயதுவரை கிழக்கே எங்கோ வறண்ட பூமியில் சிறுதானியம் தின்று வளர்ந்திருக்கிறான். பிறகு மேற்கே மேற்கே வரவர அவன் சாப்பாட்டில் சிறுதானியம் குறைந்து, கோதுமை வந்துவிட்டது.

ஐந்து வயதில் யாரும் புலம்பெயர முடிவு எடுப்பதில்லை. பெரியவர்கள் எடுத்தார்கள், அவன் கூட வந்தான்.

என் மகள் கோவில்பட்டியில் பிறந்தவள். ஒரு வயதில் இங்கே வந்துவிட்டாள். பாலப்பருவத்து முன்பல் தாய் வயிற்றிலேயே உருவாகத் தொடங்கி, பிறந்து சில மாதங்களில் எனாமல் முடிந்துவிடும். ஆக டப்பாவில் இருக்கிற பல் முழுக்க எங்கள் ஊர்த் தண்ணீர். அடுத்து முளைக்கப்போகிற பல் பெரும்பாலும் ஹண்டிங்டன். இதில் ஒரு வேடிக்கை. கரிசல்காட்டில் கம்பங்கூழ் குடித்து வளர்ந்த என் ஆச்சியின் பல்லாக இருந்தால் கார்பனே காட்டிக்கொடுத்திருக்கும். நாங்கள் அரிசிக்கு மாறி ரொம்ப நாளாகிறது. கார்பன் கணக்கில் இட்லியும் பிரெட்டும் ஒரே ரகம். தண்ணீரைவைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

மேஜைமேல் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம் இரண்டு வாரமாகக் கிடக்கிறது. மகள் பெயர் இருக்கும் பக்கத்தையும் நான்தான் நிரப்பவேண்டும். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் என்ன சொல்வாள்? அவளுடைய சிநேகிதிகள் எல்லாரும் இந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள்.

நேற்று டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டாள். தேவதை ரகசியம் உடைந்தது. சமாளிக்க வழியில்லாமல் அந்தப் பையன் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த அண்ணனுக்குப் பால்பல்லு எப்ப விழுந்துச்சு?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஐந்தாறு வயதில் கிளம்பியவன். அப்படியென்றால் வழியில்தான் விழுந்திருக்கும். ஏதோ ஒரு ஆற்றங்கரையில், ஒரு வண்டியில், யார் கையிலோ. அவர்கள் அதை என்ன செய்திருப்பார்கள்?

"வழியில விழுந்திருக்கும்டா."

"அங்க கூரை இருந்துச்சா?"

பதில் சொல்லவில்லை. டப்பாவை மூடி, டிசம்பரில் ஊருக்கு எடுத்துப்போகும் பெட்டியின் பக்கவாட்டுப் பையில் வைத்தேன். எங்கள் வீட்டு ஓட்டுக்கூரை போய் மொட்டைமாடி வந்து பத்து வருஷமாகிறது. அம்மாவிடம் சொன்னேன். "அதனால என்ன? மொட்டமாடி மேல எறி. சாணிக்கு நான் சொல்லி வைக்கேன்."