பின்னால் நிற்பவன்

மோட்டார் சைக்கிளை வண்டியில் ஏற்றுவது பலத்தைச் சார்ந்த காரியம் என்ற எண்ணம் பொதுவாக இருக்கிறது. ஆகவே நாலு பேரைக் கூப்பிடுகிறோம். என் அபிப்பிராயத்தில் அது இடத்தைச் சார்ந்த காரியம். யார் எங்கே நிற்கிறார் என்பதுதான் முக்கியம்.

என்னிடம் இருப்பது பழைய புல்லட். கியர் வலது காலில். எடை 160 கிலோவுக்குமேல். உத்தியோக மாற்றல்களில் நான்கு முறை ஏறி இறங்கியிருக்கிறது. கடைசி இரண்டு முறை, 2005-இல் வந்து குட்டியானை என்று பெயரெடுத்த டாடா ஏஸில்.

கணக்கு பள்ளிக்கூடத்துக் கணக்குதான். வண்டித்தளம் இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தடிப் பலகையில் ஏற்ற, உராய்வைத் தள்ளிவிட்டால், எடையில் பாதி, அதாவது 80 கிலோ விசை வேண்டும். பத்தடிப் பலகையில் கால் பங்கு போதும், 40. ஆனால் வாடகை வண்டியோடு வருவது கட்டட வேலையில் மிஞ்சிய குட்டைப் பலகை. அதன் சரிவில் இன்னொரு சங்கடமும் உண்டு. முன்சக்கரம் தளத்தில், பின்சக்கரம் பலகையில், அடிவயிறு விளிம்பில் தட்டி வண்டி நின்றுவிடும். ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. எல்லாரும் ஒரே சமயத்தில் யோசனை சொல்வது அப்போதுதான்.

கைப்பிடியைப் பிடித்திருப்பவர் தரையில் நடக்கிறார். வண்டியோ உயர்ந்துகொண்டே போகிறது. மனிதன் ஏறவும் ஒரு பலகை பக்கத்தில் வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. பாதியில் அவர் முன்பிரேக்கை அழுத்துகிறார். சரிவில் பாரம் பின்சக்கரத்துக்குப் போய்விடுவதால், முன்சக்கரம் சுழலாமலே பின்னோக்கி வழுக்கும். இன்ஜினை நிறுத்தி, முதல் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி தள்ளவேண்டும். நிற்கவேண்டிய இடத்தில் கிளட்சை விட்டால் பின்சக்கரம் பற்றிக்கொள்ளும். இறக்கும்போதும் இதே கிளட்ச்தான் பிரேக்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு வீடு காலிசெய்தார்கள். பலகையின் மேல்நுனியை வண்டியோடு சேர்த்துக் கட்டவில்லை. கட்டாத பலகை, சுவரில் சாத்திய ஏணியைப்போல அடி நழுவக்கூடியது. இன்ஜினை ஓடவிட்டு ஏற்றினாலோ பின்சக்கரமே அதைப் பின்னுக்கு உதைக்கும். அன்று ஓடவிட்டுத்தான் ஏற்றினார்கள். நுனி தளத்தைவிட்டு வந்தது. கைப்பிடியில் இருந்தவர் விலகிக்கொண்டார். அவருக்கு விலக இடமிருந்தது. பின்னால் தோள்கொடுத்திருந்த பையனுக்கு இல்லை. பதினேழு வயதிருக்கும். கணுக்கால் முறிந்தது. சைலன்ஸர் பட்ட இடத்தில் தோல் வெந்துபோயிற்று.

மாலைவரை தெருவில் புழங்கிய வாக்கியம்: 'பலகை சறுக்கிடுச்சு.' இலக்கணப்படி பழுதில்லை. பலகை எழுவாய். கட்டாமல் விட்டவர் வாக்கியத்திலேயே கிடையாது. பின்னால் போய் நில் என்று சொன்னவரும் இல்லை. நம் புதுக்கவிதையில் சுமை நிறையவே வருகிறது. சுமக்கிறவன் சரிவில் மேலே நிற்கிறானா கீழேயா என்று பார்த்து எழுதியவர்கள் குறைவு.

பின்னால் நிற்பது எப்போதும் அங்கே ஆகக் குறைந்த கூலி வாங்குகிறவன். இதை யாரும் திட்டமிடுவதில்லை. சொந்தக்காரர் கைப்பிடிக்குப் போகிறார், டிரைவர் தளத்தில் ஏறி நின்று 'வா, வா' என்கிறார், மிச்சமிருக்கும் இடத்துக்குப் பையன் போகிறான்.

பின்னால் யாருமே வேண்டியதில்லை. இரண்டு பேர் பின்சக்கரத்துக்கு இருபுறமும் நின்று ஸீட்டின் அடிக்கம்பியைப் பிடித்துத் தள்ளலாம். சறுக்கினால் கையை விட்டு விலகவேண்டும், வண்டி போனால் போகட்டும். சொந்தக்காரர் இதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் பையன் விடமாட்டான்.

சென்ற மாற்றலின்போது வந்த வயதான லோடுமேன் பலகையைத் தொடவே இல்லை, முதலில் தெருவைச் சுற்றிப் பார்த்தார். குட்டியானையின் பின்சக்கரங்களைச் சாலையோரப் பள்ளத்தில் இறக்கி, எதிர்மேட்டிலிருந்து பலகை போடச் சொன்னார். இரண்டரை அடி ஒன்றரை அடியாயிற்று. மேல்நுனியை இரண்டு இடத்தில் கட்டினார். கூட வந்த பையன் பழக்கத்தில் பின்னால் போய் நின்றான். 'பக்கத்துல வாடா' என்றார் பெரியவர். டிரைவர் மணி பார்த்தார். தாமதத்துக்கு ஐம்பது ரூபாய் கூடக் கேட்டார், கொடுத்தேன்.

மேலே ஏற்றியபின் முன்சக்கரத்தைத் தடுப்பில் முட்டவிட்டு, ஸ்டாண்டுகளை மடக்கி, முன் ஸ்பிரிங் பாதி அமுங்கும்வரை இருபுறமும் கயிறு இழுத்தோம். பின்னால் இரண்டு கயிறு. பெட்ரோல் குழாயை மூடினேன். புதுக்கயிறு தளரும் என்றார் பெரியவர். பத்துக் கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்கினோம்.