கதை எங்கே விளைகிறது?

"இந்தக் கதை உமக்கு எப்படி உதித்தது?"

எழுத்தாளர் எவரைக் கண்டாலும், மேடையாயினும் தேநீர்க் கடையாயினும், தவறாமல் எழுப்பப்படும் வினா இது. "தானாக வந்தது" என்பார் ஒருவர். "நள்ளிரவில் யாரோ காதோடு சொன்னது போலிருந்தது" என்பார் மற்றொருவர். "அது அருள், நான் வெறுங்கருவி" என்று கைகூப்புவார் இன்னொருவர். கேட்டவர் வியந்தபடி வீடு திரும்புகிறார். வினா மட்டும் விடை பெறாமல் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது!

நம் நாட்டில் இதற்குப் பழைய விடை ஒன்று எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. காளிதாசன் நாவிலே காளி எழுதினாள், கவி பிறந்தது என்பர். ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர் செந்தூரிலே வாய் திறந்தார், திறந்த வாயிலிருந்து பாட்டே வந்தது என்பர். கேட்க இனிமைதான். ஆனால், அந்த இனிமைக்கு அடியிலே கிடக்கும் கருத்து எது? எழுதும் ஆற்றல் எங்கிருந்தோ, எவருக்கோ, கொடுக்கப்படுவது. கொடுக்கப்படாதவன் கேட்டு மகிழ வேண்டியவனே தவிர, எழுத வேண்டியவன் அல்லன் என்பதுதானே! ஏட்டிலே இருக்கும்வரை இது வெறும் கதை. வகுப்பறைக்குள் வந்துவிட்டாலோ, நஞ்சு. கடுஞ்சொல் என்று எண்ணாதீர்கள். ஏன் சொல்கிறேன் என்பதைக் கேளுங்கள்.

தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையில் ஆசிரியனாக இருக்கிறேன். கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறினால், சாமையும் கேழ்வரகும் விளையும் கொல்லைகள், காப்பிச் செடிகள், மிளகுக் கொடி படர்ந்த மரங்கள், இடையிடையே சிற்றூர்கள். இங்கு வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுச் சேர நாட்டவர் என்று மயங்க வேண்டாம். மலையை ஆளும் தமிழர் அவர்கள். சாலை வந்தது அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன்பு உப்பும் துணியும் தலைச்சுமையாகவே மேலேறின. நோயாளிகள் தூளியிலே கீழிறங்கினர்.

அந்த மலையின் பிள்ளைகளிடம் ஒரு நாள், "ஆளுக்கொரு கதை எழுதுங்கள்" என்றேன். எழுதினார்கள். படித்தேன். ஒருவன் கதையிலே அரசகுமாரன் குதிரையேறி வந்தான். இன்னொருவன் கதையிலே சென்னைக் கடற்கரையில் கார்கள் ஒன்றையொன்று துரத்தின. கடலைக் கண்டறியாத பிள்ளை அவன்! ஒருத்தியின் கதையிலே பனி பெய்தது. வத்தல்மலையின் பனியன்று, வெள்ளைக்காரர் நாட்டுப் பனி. இருபத்துமூன்று கதைகளில் ஒன்றிலேனும் ஒரு சாமைக் கதிர் இல்லை, ஒரு பலாமரம் இல்லை, ஓர் ஆயா இல்லை. காரணம் கேட்டேன். முன்வரிசைச் சிறுவன் எழுந்து, எவ்விதக் கூச்சமுமின்றிச் சொன்னான்:

"நம்மூருல கதை எழுத என்ன சார் இருக்குது?"

தோழர்களே, அந்தச் சிறுவன் வறுமையைப் பற்றிச் சொல்லவில்லை. தன் வாழ்வு ஏட்டுக்கு ஏற்றதல்ல என்று சொன்னான். எவரும் அதை அவனுக்கு வாய்விட்டுக் கற்பித்ததில்லை. படித்த பாடங்களிலும் பார்த்த படங்களிலும் தன்னைப் போன்ற ஒருவனைக் காணாமையால் அவனாகவே கற்றுக்கொண்டது அது. கதை வானிலிருந்து வருகிறது என்ற நம்பிக்கையும், கதை வெளியூரிலிருந்து வருகிறது என்ற நம்பிக்கையும் ஒரே வேரில் கிளைத்தவை. இரண்டுமே, "உன்னிடம் இல்லை" என்பதைத்தான் சொல்கின்றன.

அவனுக்கு விடை சொல்ல நான் தொலைதூரம் போகவில்லை. தகடூருக்குப் போனேன்; அதாவது, நம் தருமபுரிக்கு. அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றார் ஔவையார். அவனோ தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையுடன் காட்டினான். பீலி சூட்டி, நெய் பூசி, காவல் மனையிலே பளபளத்தன வேல்கள். ஔவையின் நெஞ்சிலே அப்போது வேறொரு காட்சியும் இருந்தது: போரிலே நுனி முறிந்து, கொல்லனின் சிறு பட்டறையிலே கிடந்த அதியமானின் வேல்கள். இரண்டையும் அருகருகே வைத்தார். புகழ்வது போல் இகழும் பாட்டொன்று பிறந்தது. புறநானூற்றின் 95ஆம் பாட்டாக இன்றும் நிற்கிறது. நாவிலே எவரும் எழுதவில்லை. கண் கண்டது, நினைவு மற்றொன்றை எடுத்துக் கொடுத்தது, அறிவு இரண்டையும் ஒப்பிட்டது. அவ்வளவே!

உலகப் பெரும் எழுத்தாளர்களும் இவ்வழியிலேதான் நடந்திருக்கின்றனர். 1872ஆம் ஆண்டு சனவரித் திங்களில், டால்ஸ்டாய் வாழ்ந்த ஊருக்கு அருகே, காதலனால் கைவிடப்பட்ட அன்னா என்னும் பெண் தொடர்வண்டியின் முன் விழுந்து மாண்டாள். உடலை ஆய்வு செய்த இடத்துக்குச் சென்று நேரிலே கண்டார் டால்ஸ்டாய். அடுத்த ஆண்டு "அன்னா கரீனினா"வை எழுதத் தொடங்கினார். அந்தச் சாவைக் கண்டவர் பலர். "ஐயோ பாவம்" என்றவரும் பலர். அவரோ, "ஏன்?" என்ற வினாவைப் பல நூறு பக்கங்களுக்கு விடாமல் துரத்தினார். நிகழ்ச்சி விதை, "ஏன்" என்ற வினாதான் அதற்கு நீர்.

நம் தமிழகத்திலே இராஜம் கிருஷ்ணனைப் பாருங்கள். பதினைந்து வயதிலே மணம் முடிக்கப்பட்டவர். கல்லூரிப் படியை மிதித்தவரல்லர். கணவர் மின்பொறியாளர். அவருடன் நீலகிரியில் வாழ்ந்தபோது படகர் மக்களின் வாழ்வைக் கண்டு "குறிஞ்சித் தேன்" எழுதினார். பின்னர் வீட்டுச் சுவருக்குள் கற்பனையைத் தேடிக்கொண்டிருக்கவில்லை; பயணம் புறப்பட்டார். தூத்துக்குடி உப்பளத்துத் தொழிலாளரிடையே சென்று கேட்டறிந்தது "கரிப்பு மணிகள்" ஆயிற்று. கடற்கரை மீனவரிடம் சென்றது "அலைவாய்க் கரையில்" ஆயிற்று. 1973இல் தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற முதற்பெண் அவர்தான். கதைக்கு எண்ணம் வரட்டும் என்று காத்திருந்தவரல்லர். அது இருக்கும் இடத்துக்குத் தாமே நடந்து சென்றவர்.

செய்யும் தொழிலே கதையைக் கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு. மலைத்தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவம் செய்தவர் டாக்டர் பி.எச். டேனியல். நாடி பிடிக்கப்போன இடத்திலே நெஞ்சையும் கேட்டார். முதியவர்கள் சொன்ன பழைய கொடுமைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நாவல் 1969இல் வெளிவந்தது, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் "எரியும் பனிக்காடு" என்று தமிழுக்கும் வந்தது. பள்ளி ஆசிரியராய் இருந்தவர் இமையம். ஊரின் கடைக்கோடியிலே அழுக்குத் துணி சுமந்து, படி சோற்றுக்கு வாசல்தோறும் நின்ற ஒரு தாயைக் "கோவேறு கழுதைகள்" நாவலின் நடுவே நிறுத்தினார். எங்கள் மலையாளி மக்களின் வாழ்வேகூட, கொல்லிமலையிலே கு. சின்னப்ப பாரதியின் கண்ணில் பட்டு, "சங்கம்" என்னும் நாவலாயிற்று. "நம்மூரில் என்ன இருக்கிறது?" என்ற சிறுவனிடம் அந்நூலைக் காட்டினேன். அட்டையைப் பார்த்தான், புரட்டினான், "நம்ம ஆளுங்களா சார்?" என்றான். நூறு சொற்பொழிவு செய்யாததை அந்த நூல் ஒரு நொடியில் செய்தது!

அதன்பின் பிள்ளைகளுக்கு வேறொரு வேலை கொடுத்தேன். "கதை எழுத வேண்டாம். வீட்டுக்குப் போய், மூத்தவர் ஒருவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். விடையை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வாருங்கள்."

வந்தன ஏடுகள். முன்னொரு காலத்தில் காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பி மூவர் மலையேறி வந்த கதையைப் பலர் எழுதியிருந்தனர். அவர்தம் குல வரலாறு அது. சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், 1909இல் வெளியிட்ட தம் தொகுதிகளில் அதை அச்சேற்றிவிட்டார். வெள்ளைக்காரரின் ஏட்டிலே நூறாண்டுக்கு முன்பே ஏறிய கதை, பேரப்பிள்ளையின் ஏட்டிலே இப்போதுதான் ஏறுகிறது!

ஒரு சிறுவன் தன் பாட்டனாரைத் தூளியிலே சுமந்து இறங்கியதை எழுதியிருந்தான். பாதி மலையிலே உயிர் பிரிந்துவிட்டது. இனி மருத்துவமனை எதற்கு, திரும்பலாம் என்றார் ஒருவர். இல்லை, மருத்துவர் வாயால் கேட்டால்தான் அவர் மனைவி நம்புவாள், இறங்குவோம் என்றார் மற்றவர். இருட்டிலே, சுமையை இறக்கி வைக்காமலே, வழக்காடினராம். எந்தக் கற்பனைக்கு இது எட்டும்? மற்றொரு சிறுமி, தன் தாய் நாளெல்லாம் காப்பிப் பழம் பறிப்பதையும், வீட்டிலே காப்பி போடக் கீழேயிருந்து பொட்டலத் தூள் வாங்கி வருவதையும் இரண்டே வரியில் எழுதியிருந்தாள். ஔவையார் இரண்டு கொட்டில்களை அருகருகே வைத்தாரே, அதே வேலையைத்தான் இச்சிறுமியும் செய்திருக்கிறாள். ஔவையாரின் பாட்டை அவள் படித்ததில்லை.

இன்னும் ஓர் ஏடு வந்தது. அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் முதன்மையாகச் சொல்ல விரும்பினேன். எழுதியவள் ஒரு சிறுமி. தன் வீட்டில் நடந்ததை எழுதி, அடியிலே, "யாருக்கும் காட்டாதீங்க சார்" என்று குறித்திருந்தாள். அதிலே என்ன இருந்தது என்பதை இங்கே எழுதமாட்டேன்.

நானும் கதை எழுத விழைபவன். அந்த ஏடு என் மேசைமீது கிடந்த இரவிலே, பேனா என்னை அழைத்தது. ஆளை மாற்றலாம், ஊரை மாற்றலாம், நல்ல கதை, ஏடுகள் விரும்பி ஏற்கும், படித்தவர் கண்ணீர் விடுவர். சீர்திருத்தத்துக்கும் பயன்படும் என்று எனக்கு நானே வாதாடவும் முடியும். ஆனால், அது எவர் உடைமை? கதை வானிலிருந்து வரவில்லை, மக்களிடமிருந்து வருகிறது என்று வகுப்பிலே முழங்கியவன் நான். மக்களிடமிருந்து வருவது என்றால், அதற்கு உரிமையாளர் உண்டு என்பதுதானே பொருள்! அருளென்று சொல்பவர்க்கு அந்தக் கவலை இல்லை. ஆண்டவன் கொடுத்ததற்கு ஆளிடம் இசைவு கேட்பார் உண்டோ? எங்களுக்கு அந்த வசதி இல்லை.

எழுத்தாளன் அஞ்சவே கூடாது என்பீர்கள். உண்மை. 2010இல் பெருமாள்முருகன் தம் ஊர்ப்புறத்து வாழ்விலிருந்தே "மாதொருபாகன்" எழுதினார். பிள்ளையில்லாத் தம்பதியின் துயரம் அது. கூட்டம் திரண்டது, நூல் எரிக்கப்பட்டது. 2015 சனவரியிலே, தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவிக்க நேர்ந்தது. 2016 சூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தின் பக்கம் நின்றது. அவரும் மீண்டு எழுதினார். கூட்டத்திடமிருந்து எழுத்தாளனைக் காக்கச் சட்டம் வேண்டும். அதற்காகப் போராடவும் வேண்டும். ஆனால், எழுத்தாளனிடமிருந்து ஒரு சிறுமியைக் காக்க எந்த நீதிமன்றம் கூடப்போகிறது? அவன் மனச்சான்று ஒன்றே அங்கு நடுவர்!

ஏட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்கும்போது டிக்கன்சின் வரலாற்றைச் சொன்னேன். 1824இல், பன்னிரண்டு வயதுப் பாலகனாக, இலண்டனிலே காலணி மைத் தொழிற்சாலையில் மைக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டினான் அவன். தந்தை கடனுக்காகச் சிறையிலே இருந்தார். அந்த வடுவைப் பல்லாண்டு வெளியிலே சொல்லவில்லை. வளர்ந்து பெரும் எழுத்தாளரான பின்பு, "டேவிட் காப்பர்பீல்டு" என்ற பெயரைப் போர்த்தி உலகுக்குத் தந்தார். அது அவருடைய வாழ்வே என்பது, 1870இல் அவர் மறைந்த பிறகு நண்பர் பார்ஸ்டர் எழுதிய வரலாற்றின் வழியாகத்தான் மக்களுக்குத் தெரிந்தது. கதை என்பது பொய்யன்று. உண்மை பேச அஞ்சுவோர்க்குக் கிடைத்த போர்வை.

"அப்ப பேர மாத்திட்டா எழுதலாமா சார்?" என்றாள்.

"நீ எழுதலாம். எப்போது எழுத வேண்டும் என்பதையும் நீதான் சொல்ல வேண்டும்" என்றேன். வீட்டில் நடந்ததைக் குறித்து ஓர் ஆசிரியன் செய்ய வேண்டியது எதுவோ, அதை உரியவரிடம், உரிய முறையில் செய்தேன். அது கடமை; கதையன்று.

ஆகவே தோழர்களே, எழுத எண்ணம் எங்கே கிடைக்கும் என்று கேட்போர்க்கு நான் கண்ட வழி இது: கண்ணைத் திற, காதைக் கொடு, கண்ட இரண்டை அருகருகே வை, "ஏன்" என்று கேட்டுக்கொண்டே இரு, எவரிடமிருந்து பெற்றாயோ, அவரிடம் நாணயமாக நட. உங்கள் ஊரிலும் பள்ளி இருக்கும், அங்கும், "நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்கும் பிள்ளை இருக்கும். அவனுக்கு ஓர் ஏடும் ஓர் எழுதுகோலும் வாங்கிக் கொடுங்கள். பாட்டியிடம் அனுப்புங்கள். அவன் எழுதி வரும்வரை நாம் கொஞ்சம் பேசாமல் இருப்போம்.