முகம் மாறிய ஜீப்

புத்தளத்திலிருந்து வடக்கே எலுவன்குளம் நோக்கிச் செல்லும் வீதியில் இருக்கிறது வண்ணாத்திவில்லு. வில்லு என்பது மழைநீர் தானாகவே தேங்கி நிற்கும் பள்ளநிலம். ஊருக்கு அப்பால் வில்பத்துக் காடு. மாரி காலத்தில் கலா ஓயா பெருகி, எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்தின் மேலாக வெள்ளம் பாய்வதை நாம் சிறு வயதிற் பலமுறை கண்டிருக்கிறோம். மணலும் சேறும் மாறி மாறி வரும் இத்தகைய ஊரில் ஜீப் வண்டி ஆடம்பரப் பொருளன்று. 1972ஆம் ஆண்டில் எம் தந்தையார் பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். வெளிநாட்டு வாகனங்கள் வருவது அருமையாயிருந்த காலம் அது. அன்று முதல் அந்த ஜீப் எம் வீட்டில் ஓர் அங்கத்தவர்போல இருந்து வருகிறது.

அதன் பிறப்பு வரலாறு சுவையானது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்க இராணுவத்துக்கு இலேசான சிறு வண்டிகள் பெருந்தொகையாகத் தேவைப்பட்டன. வில்லிஸ் கம்பனி மட்டும் கட்டினால் போதாது என்று கண்டு, அதே வரைபடத்தின்படி கட்டும் பொறுப்பை 1941இல் போர்ட் கம்பனிக்கும் கொடுத்தனர். ஒரு வண்டியின் உறுப்பு மற்றதற்கும் பொருந்த வேண்டும் என்பது இராணுவத்தின் நோக்கம். போர்க்களத்தில் இரண்டு வண்டிகள் பழுதடைந்தால், அவற்றிலிருந்து ஒன்றையாவது ஓடச் செய்யலாமல்லவா? யுத்தம் முடிவதற்குள் இரு கம்பனிகளும் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைக் கட்டிவிட்டன.

ஆயினும் குடும்ப அடையாளங்கள் மறையவில்லை. போர்ட் கம்பனியார் தங்கள் உறுப்புகளில், ஆணித் தலைகளிலுங்கூட, 'எப்' என்ற ஆங்கில எழுத்தைப் பொறித்தனர். வில்லிஸ் முதலில் இரும்புப் பட்டைகளை ஒட்டி முகப்பு அமைத்தது. போர்ட் ஒரே தகட்டை அச்சில் அழுத்தி 9 பிளவுகளுடன் முகப்புச் செய்தது. அது மலிவாகவும் இலேசாகவும் இருந்தமையால் வில்லிஸும் அதனையே கைக்கொண்டது. யுத்தம் முடிந்தபின், 1945இல், பொதுமக்களுக்காக வில்லிஸ் வெளியிட்ட ஜீப்பின் முகப்பில் 7 பிளவுகளே இருந்தன.

எம் தந்தையாரின் வண்டி போர்ட் குடும்பத்தது. முகப்பில் 9 பிளவுகள் கொண்டது. அவற்றை விரலால் எண்ணியே நாம் எண் கற்றதாக அன்னையார் சொல்லிச் சிரிப்பார்.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளப் பகுதியில் வந்து தங்கினர். மன்னார் முசலிப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர், கராஜ் வேலை தெரிந்தவர், எம் தந்தையாருக்கு அறிமுகமானார். நாம் அவரை நானா என்றே அழைத்து வந்தோம். 1993இல் அவர் இரும்பு விலைக்கு வில்லிஸ் ஜீப் ஒன்றின் எலும்புக்கூட்டை வாங்கினார். எஞ்சின் இருந்தது, பொனெட்டும் முகப்பும் இல்லை. எம் வண்டியோ எஞ்சின் உடைந்து புளியமரத்தடியிற் கிடந்தது. தந்தையார் சிறிதும் யோசிக்கவில்லை.

"நிற்கிற வண்டிக்கு முகம் எதற்கு? ஓடப்போகிற வண்டிக்குப் பூட்டு" என்றார்.

ஒரு பிற்பகலுக்குள் இரண்டும் மாறின. இரண்டு கம்பனிகளில் உருவான தகடுகள், 50 ஆண்டுகளுக்குப் பின், எங்கோ ஒரு புளியமரத்தடியில் ஒன்றோடொன்று இசைந்து பூட்டிக்கொண்டதைக் கண்டு நாம் வியந்து நின்றோம்.

நானா அந்த உதவியை மறக்கவில்லை. 1998இல் எம் வண்டியின் எஞ்சினைக் கூலி வாங்காமற் சீர்செய்து தந்தார். முகப்புக்காக அலைந்து, முதலில் இந்தியாவில் மகிந்திரா கம்பனி கட்டிய ஜீப்பின் பொனெட்டைக் கொண்டுவந்தார். அந்த இனத்தில் எஞ்சின் உயரமானது. அதனால் பொனெட்டும் உயரமானது. தம்பியின் தலையில் அண்ணனின் தொப்பியை வைத்ததுபோல அது துருத்திக்கொண்டு நின்றது. பின்னர் யுத்தத்துக்குப் பிந்திய வில்லிஸின் பொனெட்டும் முகப்பும் அகப்பட்டன. சில துளைகளைப் புதிதாக இட்டு அவற்றைப் பூட்டினார். அன்று முதல் எம் ஜீப்புக்கு 7 பிளவு முகம்.

தந்தையார் காலமானார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளின் மதிப்பு ஏறியது. அடுத்த ஆண்டு கல்லூரி விடுமுறையில் நாம் ஊரில் இருந்தபோது, கொழும்பிலிருந்து ஒருவர் ஜீப்பைப் பார்க்க வந்தார். பழைய வண்டிகளைச் சேர்த்துக் கொட்டகையில் வைத்திருப்பவர் அவர். முகப்பை ஒருமுறை பார்த்தவுடனே, "இது கலப்பு" என்றார். அடிச்சட்டத்தின் முன் குறுக்குச் சட்டத்தைத் தடவிப் பார்த்து, போர்ட் என்பதை உறுதி செய்துகொண்டார். பழைய பொனெட்டையும் முகப்பையும் தேடிக் கொடுத்தால் இரு மடங்கு விலை தருவதாகச் சொன்னார்.

அந்தத் தொகை எம் மூன்றாண்டுச் சம்பளத்துக்குச் சமம். மகளின் மேற்படிப்புக்குப் பணம் தேவைப்பட்ட வேளை. தேட வேண்டியதும் இல்லை. அவை நானாவின் ஜீப்பில் ஓடிக்கொண்டிருந்தன. தந்தையார் அவற்றை விற்கவில்லை, இரவலாகவே கொடுத்தார் என்று நாமே எமக்கு வழக்காடிக்கொண்டு நானாவின் வீட்டுக்குப் போனோம்.

எம் தயக்கத்தைக் கண்டே அவர் விஷயத்தை விளங்கிக்கொண்டார்.

"தம்பி, இது உங்கள் அப்பாவின் சாமான். கேட்க வெட்கப்பட வேண்டாம்" என்று சொல்லிச் சாவியை எடுத்தார். முதல் ஆணியைத் தளர்த்தினார். அதன் தலையில் 'எப்' எழுத்து இன்னும் தெளிவாயிருந்தது. அவருடைய மகன் ஒன்றும் பேசாமல் அருகில் நின்றான். மறுநாள் முந்திரிகை ஏற்ற அந்த வண்டிதான் போக வேண்டும்; அவர்களுக்கு வேறு பிழைப்பில்லை.

நிற்கிற வண்டிக்கு முகம் எதற்கு என்ற தந்தையாரின் குரல் அப்போது காதில் விழுந்தது. கொழும்புக் கொட்டகையில் எம் ஜீப் நிற்கத்தான் போகிறது. அதற்காக ஓடும் வண்டியின் முகத்தைப் பறிப்பதா?

"வேண்டாம் நானா. பூட்டிவிடுங்கள்" என்றோம்.

உறுப்பு மாற்றம் புதுமையன்று. அமெரிக்காவில் செவ்ரலே, பொன்டியாக் முதலிய உறவு வண்டிகளிடையே எது எதற்குப் பொருந்தும் என்று பட்டியலிட்ட நூல்கள் 1930களிலேயே வந்துவிட்டன. கியூபாவில் 1960களின் வர்த்தகத் தடைக்குப் பின் மக்கள் அகப்பட்டதைப் பூட்டி அமெரிக்கக் கார்களை ஓட்டி வந்தனர். நம் கோயில்களில் அச்சையும் சில்லையும் மாற்றியபின்னரும் தேரை அதே தேர் என்றுதானே வடம் பிடிக்கிறோம்? கலப்பில்லாத வண்டியைத் தேடுவோர் தேடட்டும். அதுவும் ஓர் அறிவே. ஆனால் ஒரு வண்டியிற் பூட்டிய உறுப்பு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போயிற்று என்பதும் அதன் வரலாறுதான்.

கொழும்பு அன்பருக்கு நாம் வண்டியைக் கொடுக்கவில்லை. மகளின் படிப்புக்குக் கூட்டுறவுச் சங்கத்திற் கடன் எடுத்தோம். இன்னும் கட்டி முடியவில்லை. நானாவுக்கு இப்போது கண்பார்வை குறைவு. எம் ஜீப்பின் பிரேக்கைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய மகன்தான் வருகிறான். வேலை முடிந்ததும், தன் தந்தையைப் போலவே, கூலி வாங்க மறுத்துவிட்டுப் போகிறான்.