ஒருவர் மட்டும் இருந்தால்?

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று. பிள்ளைக்குப் பெண் பார்த்தாயிற்று. இனிப் பார்ப்பதற்கு ஒன்றும் பாக்கி இல்லை என்று நிம்மதியாக உட்கார்ந்தபோது, எங்களுக்கே இடம் பார்க்கும் படலம் ஆரம்பமாயிற்று.

சென்னை தியாகராய நகரில் எங்கள் வாசம் முப்பத்தெட்டு வருஷம். பிள்ளை டொரண்டோவில், பெண் புனேயில். வீடு இரண்டாவது மாடி. லிப்ட் கிடையாது. அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கிக் கொண்டு படியேறி வந்தால், அதைச் சமைப்பதற்குத் தெம்பு இருப்பதில்லை.

"கோயமுத்தூர்ப் பக்கம் பெரியவர்களுக்கென்றே குடியிருப்புகள் கட்டியிருக்கிறார்கள். மூன்று வேளையும் சாப்பாடு அவர்களே போடுகிறார்களாம். உனக்கும் அடுப்படியிலிருந்து விடுதலை!" என்றார் என் வீட்டுக்காரர்.

நாற்பத்தைந்து வருஷம் கழித்துக் கிடைக்கிற விடுதலை! வேண்டாம் என்று சொல்வேனா?

திட்டம் போட்டுக் கட்டிய குடியிருப்பு நமக்கு ஒன்றும் புதிதில்லை. தியாகராய நகரே 1920-களில் ஏரிப் படுகையைத் தூர்த்து, தெருக்களையும் பூங்காவையும் முதலில் காகிதத்தில் வரைந்து எழுப்பியதுதான். ஆனால் அங்கே கைக்குழந்தை முதல் கொள்ளுப்பாட்டி வரை எல்லாரும் இருக்கலாம். வயது பார்த்து ஆள் சேர்ப்பதுதான் புதிது. அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது அரிஸோனா மாகாணத்துச் சன் சிட்டி. 1960 ஜனவரி முதல் தேதி திறந்தார்கள். அங்கே வீட்டில் ஒருவருக்காவது 55 வயது நிறைந்திருக்க வேண்டும். 19 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது. பேரன் பேத்திகள் வரலாம், விருந்தாளிகளாக!

கோவையை ஏன் இத்தனை பேர் தேடிப் போகிறார்கள் என்பது ரெயிலை விட்டு இறங்கியதும் விளங்கிற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, சிறுவாணித் தண்ணீர், ஊர் நிறைய ஆஸ்பத்திரிகள். இரண்டு நாளில் மூன்று இடம் பார்த்தோம்.

முதல் இடத்தில் நீச்சல் குளம் இருந்தது. நூல் நிலையம், பிள்ளையார் கோயில், கேரம் விளையாட ஒரு ஹால். என் வீட்டுக்காரர் சொக்கிப் போய்விட்டார். நான் நேரே குளியலறைக்குப் போனேன். முகம் பார்க்கலாம் போன்ற வழவழப்பான தரை. வாசலில் தடுக்கி விழுவதற்கென்றே வைத்தாற்போல ஒரு படி. கையால் பற்றிக் கொள்ளக் கம்பி கிடையாது. ஓய்வுக்காலக் குடியிருப்புகள் எப்படி இருக்க வேண்டும் என்று மத்திய வீட்டு வசதி அமைச்சு 2019-ல் மாதிரி நெறிமுறைகள் வெளியிட்டது. வழுக்காத தரை, சக்கர நாற்காலி போகிற சரிவுப் பாதை எல்லாம் அதில் உண்டு. வெறும் மாதிரிதான், சட்டமாகாது. ஆகவே குளியலறையை நாமேதான் பார்த்துக் கொள்ள வேண்டும். கேரம் போர்டைப் பிறகு பார்க்கலாம்.

இரண்டாவது இடத்தில், ஆபீஸிலிருந்த இளைஞர் காப்பி கொடுத்து உபசரித்தார். எல்லா விவரமும் "உங்கள் இருவருக்கும்" என்றே சொல்லிக் கொண்டு வந்தார்.

"தம்பி, எங்களில் ஒருவர் மட்டும் இருந்தால்?" என்று கேட்டேன்.

என் வீட்டுக்காரர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சாப்பாட்டுக் கட்டணம் பாதியாகிவிடும், அம்மா. பராமரிப்புக் கட்டணம் மட்டும் அப்படியே இருக்கும். அது சதுர அடிக் கணக்கு."

உண்மைதானே? ஆள் குறைந்தால் சதுர அடி குறையுமா? ஆனால் பென்ஷன் குறையும்! என் வீட்டுக்காரர் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பென்ஷன் திட்டம். கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி அவருக்குப் பென்ஷன். அவருக்குப் பின் மனைவிக்கு வரும் குடும்ப பென்ஷன் அந்தச் சம்பளத்தில் நூற்றுக்கு 30. உயர்ந்த விகிதத்தில் கொடுப்பதற்கு வயது வரம்பு உண்டு. அதை அவர் தாண்டிவிட்டார். இன்று வீட்டுக்கு நூறு ரூபாய் வருகிறதென்றால், அன்று அறுபதுதான் வரும். பராமரிப்புக் கட்டணமோ வருஷா வருஷம் ஏறும். மனைவி வயதில் இளையவளாக இருப்பதுதான் நம் வழக்கம். பெண்களுக்கு ஆயுளும் சற்று அதிகம். அந்த அறுபது ரூபாயை வைத்துக் கொண்டு கணக்குப் பார்க்கப் போகிறவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது இடம் பழையது, சிறியது. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. வேப்ப மரத்தடியில் ஓர் அம்மாள் கீரை ஆய்ந்து கொண்டிருந்தாள். எண்பது வயதிருக்கும். கணவர் தவறி நாலு வருஷமாயிற்றாம்.

"இங்கே சாப்பாடு போடுகிறார்களே, கீரை எதற்கு?" என்று கேட்டேன்.

"கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறதே! வாரத்தில் இரண்டு நாள் நானே பொங்கிக் கொள்வேன். மற்ற நாளெல்லாம் ஹாலில்தான். காய்ச்சல் வந்தால் அறைக்கே கஞ்சி வந்துவிடும்."

"ராத்திரி மணி அடித்தால்?"

"இரண்டு தடவை அடித்திருக்கிறேன். இரண்டு தடவையும் நர்ஸ் வந்தாள். பகலில் வருவதைப் பற்றி யாரும் சொல்லுவார்கள். ராத்திரியைத்தான் கேட்க வேண்டும்."

இந்த ஒரு பேச்சுக்காகவே ரெயில் கட்டணம் தகும் என்று தோன்றியது. கட்டினவர்கள் விலகிய பிறகு, அங்கே குடியிருப்போர் சங்கமே நிர்வாகம் செய்கிறது. மாதா மாதம் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்கள்.

ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். இந்த இடங்களில் ஒன்றில் வீட்டைக் கிரயமாக வாங்கலாம். நிலத்தில் பிரிக்கப்படாத பங்கும் உண்டு. இன்னொன்றில் டெபாசிட் கட்டி ஆயுள் வரை வசிக்கும் உரிமை மட்டுமே. நிலத்தில் பாத்தியதை கிடையாது. இரண்டும் ஒரே மாதிரி வழவழத் தாளில்தான் அச்சாகின்றன! புதிதாகக் கட்டுகிறார்கள் என்றால், 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் கோளாறு தெரிந்தால் கட்டினவர்களே செலவில்லாமல் சரி செய்து தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஓர் ஒப்பந்தத்தில் பதினேழாவது ஷரத்து என்னைத் தூக்கிவாரிப் போட்டது. குடியிருப்பவர் தம் காரியங்களைத் தாமே செய்து கொள்ள இயலாமற் போனால், வேறு ஏற்பாடு செய்து கொள்ள வேண்டுமாம். எந்த நாளுக்காக அங்கே போகிறோமோ, அந்த நாளில் வெளியே போ என்கிறது!

திரும்பும்போது ரெயிலில் இவர் கேட்டார்: "நான் போன பிறகு என்றே கணக்குப் போடுகிறாயே?"

"நான் முன்னால் போனாலும் அதே கணக்குத்தான். உங்களுக்குக் காப்பி போடத் தெரியாது. ராத்திரி மணி அடிக்கிற இடம் உங்களுக்குத்தான் இன்னும் அவசியம்" என்றேன்.

ஈரோடு வரையில் பேச்சில்லை.

"இரண்டு பேர் பெயரிலும் பத்திரம் பதிந்தால் போதுமா?" என்றார் பிறகு.

போதாது. இரண்டு பேர் பெயரில் இருந்துவிட்டால் பாக்கிப் பாதி தானாகவே தமக்கு வந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உயில் இல்லாவிட்டால், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டப்படி கணவரின் பாதி, மனைவிக்கும் பிள்ளை பெண்களுக்கும் சமமாகப் பிரியும். மாமியார் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. எங்கள் குழந்தைகள் தங்கமானவர்கள். இருந்தாலும் அம்மா வீட்டை விற்கக் கையெழுத்துக்காக டொரண்டோவுக்கு எழுதிக் கொண்டிருப்பானேன்?

சேலம் தாண்டியதும் அவர் பையிலிருந்து காகிதம் எடுத்து எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். "உயில்" என்று தலைப்புப் போட்டிருந்தார். வக்கீலைப் பார்த்துச் சாட்சிகளோடு சரியாக எழுத வேண்டியது. இருக்கட்டும், தலைப்பாவது போட்டாரே!

மூன்றாவது இடத்தில் வாடகைக்கு ஒரு வீடு காலியாக இருக்கிறது. வாங்குவதற்கு முன் மூன்று மாதம் இருந்து பார்ப்பது என்று தீர்மானம். மாம்பலத்து வீட்டைப் பூட்டித்தான் வைக்கப் போகிறோம், விற்கப் போவதில்லை. மின்சார கிரைண்டரை எடுத்துப் போவதா வேண்டாமா என்பதில்தான் இன்னும் தகராறு. "கோயமுத்தூருக்குப் போய்க் கிரைண்டர் சுமப்பார் உண்டா?" என்கிறார் அவர்.