ஐஸ் பையும் விபத்துப் புத்தகமும்

பவர் பிரஸ்ஸில் விரல் துண்டானால் பட்டறையில் முதலில் ஓடுவது ஐஸ் வாங்கத்தான். நல்ல எண்ணம். ஆனால் விரலை ஐஸுக்குள் நேராகப் போட்டால் திசு உறைந்து செத்துவிடும். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வைக்க வேண்டும். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்தபடி 108-ஐ அழைக்கலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

மஞ்சள்தூள், காப்பித்தூள்? வேண்டவே வேண்டாம்.

150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குப் பயிற்சிச் சான்று பெற்ற ஒரு பொறுப்பாளர் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. பல இடங்களில் பெட்டி சுவரில் தொங்கும். சாவி சூப்பர்வைசர் பையில், சூப்பர்வைசர் டீக்கடையில்.

அடுத்த நாடகம் ஆஸ்பத்திரியில். "வீட்டுக் கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னு சொல்லுப்பா, செலவை முதலாளி பாத்துக்குவாரு." கட்டுப் பிரிக்கும்வரை பார்ப்பார். அப்புறம்? வேலையில் பட்ட காயம் என்று பதிவானால்தான், இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்குக் காயத்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும்; விரலே போயிருந்தால் நிரந்தர ஊனத்துக்கான உதவித்தொகையும் கேட்கலாம்.

விபத்துப் புத்தகத்தில் பெயர், நேரம், இயந்திரம் எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை மொபைலில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.