அப்பாவும் நாற்பது எக்ஸும்

எங்கள் கிளைக்குப் புதிதாக வந்திருக்கும் மதுரைப் பையன் ஒருத்தன், "சார், டூருக்கு ஒரு ஜூம் கேமரா வாங்கணும். எத்தனை எக்ஸ் வாங்கலாம்?" என்று கேட்டான். நின்ற வாக்கில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. லஞ்ச் முடிந்தும் நான் பேசிக்கொண்டே இருந்ததில், பாவம், ஏன்டா கேட்டோம் என்று ஆகிவிட்டது அவனுக்கு. அவனிடம் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் வாங்கியது 2019 பிப்ரவரியில். அப்போது ஜெய்ப்பூரில் போஸ்டிங். அந்த வருடம் ஜனவரி 1 முதல் டிஜிட்டல் கேமராவுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருந்தது. "பத்து சதவீதம் மிச்சம்" என்று தங்கமணியிடம் சொன்னேன். "வாங்காம இருந்தா நூறு சதவீதம் மிச்சம்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் அவரிடம் கணக்குப் பேசவில்லை :-)

சட்டைப்பையில் போகிற உடம்பு, உள்ளே நீளமான ஜூம் லென்ஸ். இதுதான் டிராவல் ஜூம். பேனசோனிக் 2006-ல் டிஇசட்1 என்று 10 எக்ஸில் ஒன்று கொண்டுவந்தது. அந்தப் பெயரில் உள்ள டிஇசட் டிராவல் ஜூமைக் குறிப்பதுதான். நான் பார்க்கும்போது பட்டியலில் மூன்று இருந்தன. கேனான் எஸ்எக்ஸ்740, 40 எக்ஸ். சோனி எச்எக்ஸ்99, 30 எக்ஸுக்குக் கொஞ்சம் கம்மி, ஆனால் கண்ணை வைத்துப் பார்க்க வ்யூஃபைண்டர் உண்டு. பேனசோனிக் டிஇசட்100, வெறும் 10 எக்ஸ், ஆனால் ஒரு இஞ்ச் சென்சார்.

இந்த எக்ஸ் விவகாரத்தில்தான் பலரும் ஏமாறுகிறோம். 40 எக்ஸ் என்றால் பொருள் நாற்பது மடங்கு கிட்டே வருகிறது என்று அர்த்தமில்லை. அது ஒரு வகுத்தல் கணக்கு. லென்ஸின் நீண்ட முனை 960 மி.மீ., அகன்ற முனை 24 மி.மீ. 960-ஐ 24-ஆல் வகுத்தால் 40, அவ்வளவுதான். நம் கண் பார்க்கிற அளவு சுமாராக 50 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பைனாகுலர் கணக்கில் 19 மடங்குதான் வரும். அதுவே பெரிய விஷயம்தான், ஆனால் நாற்பது இல்லை.

அடுத்தது சென்சார். கேனான், சோனி இரண்டிலும் இருப்பது சிறியது, சுமார் 6.2-க்கு 4.6 மி.மீ. டிஇசட்100-ல் 13.2-க்கு 8.8. பெருக்கிப் பார்த்தால் நான்கு மடங்கு பரப்பு. சாயங்கால வெளிச்சத்திலும் கல்யாண மண்டபத்திலும் வித்தியாசம் தெரியும். மனிதர்களை எடுக்கிறவர்களுக்கு 10 எக்ஸே போதும். நாலு நாள் யோசித்தேன். கடைசியில் ஆசைதான் ஜெயித்தது. நாற்பதையே வாங்கினேன்.

கடையில் "நோ காஸ்ட் இஎம்ஐ" என்றார்கள். வங்கிக்காரனிடமேவா? வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டினாலும் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, பல கார்டுகளில் பிராசஸிங் கட்டணமும் உண்டு. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மொத்தமாகவே கட்டிவிட்டேன்.

முதல் மூன்று மாதம் எடுத்ததெல்லாம் குப்பை. கீழே ஊருக்குள் நின்று நாஹர்கட் கோட்டையை முழு ஜூமில் இழுத்தால், கோட்டை தண்ணீருக்குள் இருப்பது மாதிரி நெளிகிறது. வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து எழும் கானலையும் தூசியையும் சேர்த்துத்தான் லென்ஸ் கிட்டே கொண்டுவருகிறது. காலை எட்டரைக்குள் எடுத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

இன்னொன்று வெளிச்சம். ஜூம் இழுக்க இழுக்க இந்த லென்ஸ் எஃப்/3.3-லிருந்து எஃப்/6.9-க்கு இறங்கும். உள்ளே வருகிற வெளிச்சம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே. கேமரா அதை ஈடுகட்ட ஷட்டரை மெதுவாக்கும், அதனால் கை நடுக்கம் படத்தில் விழும். இல்லையென்றால் ஐஎஸ்ஓவை ஏற்றும், அப்போது படம் ரவை ரவையாக ஆகும். நான் கண்ட வழி: முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்வது, தூணிலோ சுவரிலோ சாய்வது, ஷட்டர் வேகம் நொடியில் 250-ல் ஒரு பங்குக்குக் கீழே போகாமல் பார்ப்பது, ஒன்றுக்கு ஐந்தாக எடுப்பது. டிஜிட்டல் ஜூமை முதல் நாளே அணைத்துவிடுங்கள். அது இருக்கிற படத்தை வெட்டிப் பெரிதாக்குவது, வேறொன்றுமில்லை.

2019 டிசம்பரில் அப்பா ஜெய்ப்பூர் வந்தார். நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊர், கூந்தன்குளத்துக்குக் கிட்டே. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்கு முந்தின வருடம்தான் கண்ணில் மாகுலா தேய்மானம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓரப் பார்வை இருக்கும், நடுவில் மட்டும் ஒரு மங்கல். "உன் காது தெரியுதுய்யா, மூஞ்சி தெரியல" என்றார் ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் பெட்டியைத் தூக்குகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

பத்து நாள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். "பாக்கதுக்கு என்ன இருக்கு, எனக்குத்தான் தெரியாதே" என்று எங்கே கூப்பிட்டாலும் மறுப்பு. பரத்பூர் பறவை சரணாலயம் போகலாம் என்றதற்கு மட்டும் பேசாமல் இருந்தார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஜெய்ப்பூரிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர்.

கேவலாதேவ் தேசியப் பூங்கா என்பது அதன் பெயர். 29 சதுர கிலோமீட்டர், 1985 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. உள்ளே சைக்கிள் ரிக்‌ஷாவில் சுற்றலாம். ஓட்டுகிறவர்களே பறவைகளைக் காட்டிப் பெயர் சொல்வார்கள். பனி விலகப் பத்து மணி ஆனது. சாலையோரத் தண்ணீரில் கருவேல மரங்கள், மரம் முழுக்க மஞ்சள் மூக்கு நாரைகளும் குஞ்சுகளும். ரிக்‌ஷாக்காரர் கை நீட்டிக் காட்ட, அப்பா அவர் கை போன திசையில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அலகைத் தட்டுகிற சத்தம் கேட்டதும் தலை நிமிர்ந்தது. "ஏய்யா, இது நம்ம கூந்தன்குளத்து நாரைல்லா?"

அதே நாரைதான். அங்கே வீட்டு மரங்களில் கூடு கட்டும், யாரும் கல்லெறிய மாட்டார்கள். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்று சின்ன வயதில் அப்பாதான் எனக்குச் சொன்னது.

கேமராவை முழு ஜூமில் மரத்தின் மேல் வைத்து, அவர் கையில் கொடுத்து, கண்ணுக்குக் கிட்டே பிடிக்கச் சொன்னேன். வெயிலில் திரை வெளிறிப்போய் ஒன்றும் தெரியவில்லை. வ்யூஃபைண்டர் உள்ள சோனியை வாங்கியிருக்கலாமோ என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையோடு கேமராவையும் சேர்த்து மூடிக்கொண்டார், அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் நுழைகிற மாதிரி. நான் வெளியே நின்று கேமராவின் அடிப்பக்கத்தைத் தாங்கிப் பிடித்தேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் துண்டுக்குள்ளிருந்து, "குஞ்சு வாயத் தொறக்கு" என்றார். "தாய் கக்கிக் குடுக்கு. மூணு குஞ்சு. ஒண்ணுக்குக் கெடைக்கல."

பறவை கட்டத்தை விட்டு நகர்ந்தால் மறுபடி பிடிப்பது கஷ்டம். அதற்கு இந்தக் கேமராவில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் ஜூம் பின்னுக்கு வந்து, முன்பு பார்த்த அளவை ஒரு சட்டமாகக் காட்டும். பறவையை அதற்குள் கொண்டுவந்து விரலை எடுத்தால் பழைய ஜூமுக்கே போய்விடும். ஒரு மணி நேரத்தில் அப்பாவே அதை அமுக்கப் பழகிவிட்டார். கேவலாதேவ் கோயிலருகே அந்தக் கால வேட்டைக் கணக்கு பொறித்த கல் இருக்கிறது. அதைப் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கிக் கொடுத்தேன். 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்த வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள். அப்பா எண்ணை இரண்டு தரம் படித்தார். "கூந்தன்குளத்துல ஒரு பய எறிய மாட்டான்" என்றார்.

அன்றைக்குப் பேட்டரி மூன்று மணிக்கே தீர்ந்தது. கம்பெனிக் கணக்குப்படியே ஒரு சார்ஜுக்கு 265 படம்தான். திரையை விடாமல் எரியவிட்டால் என்ன ஆகும்! இரண்டாவது பேட்டரி அவசியம் வாங்கிக்கொள்ளுங்கள். படங்களைப் பார்த்தால் ஒன்றுகூடச் சுவரில் மாட்டுகிற தரமில்லை. ஆனால் டிவியில் இணைத்துப் போட்டால், அப்பா ஒரு முழம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து இரவு வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மதுரைப் பையனுக்குச் சொன்னது இதுதான். குழந்தைகள், கோயில், கல்யாணம் என்றால் உன் ஃபோனே போதும். மிஞ்சிப்போனால் ஒரு இஞ்ச் சென்சார் கேமரா. எட்டாததைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் இந்தச் சாதி. விலை கூடிய ஃபோன்களில் இப்போது 5 எக்ஸ் பெரிஸ்கோப் லென்ஸ் வருகிறது, ஆனால் 960 மி.மீ. வேறு கதை. இந்த வகையில் புது மாடல்கள் குறைந்துவிட்டன. 2025-ல் வந்த பேனசோனிக் டிஇசட்99-லும் வ்யூஃபைண்டரை எடுத்துவிட்டார்கள். ஒரு துண்டு வைத்துக்கொள் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

அப்பாவுக்கு இப்போது டிவித் திரையும் தெரிவதில்லை. போன லீவில் கூந்தன்குளம் போனோம். பழக்க தோஷத்தில் கேமராவை அவர் கையில் கொடுக்கப் போனேன். "நீ பாத்துச் சொல்லுய்யா" என்றார். மரத்தடியில் அவர் தோளில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, முழு ஜூமில் கூட்டைப் பிடித்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். எத்தனை குஞ்சு, எதற்கு இரை கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்று. படம் ஒன்றும் எடுக்கவில்லை. அவர் தோள் கல் மாதிரி அசையாமல் இருந்தது.