தொண்ணூறு நாள் கணக்கு

பழவங்காடிக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. என் அறையிலிருந்து கணபதி கோயில் ஐந்து நிமிஷ நடை. பட்டாளத்துக்காரர்கள் பராமரிக்கும் கோயில் அது. காலையில் பேங்குக்குப் போகும்போது தேங்காய் சிதறும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். காரியம் தடங்கலில்லாமல் நடக்க ஆளுக்கொரு தேங்காய். நானும் போன வருஷம் ஒன்று உடைத்தேன், பிரமோஷனுக்காக. (கிடைக்கவில்லை. பிள்ளையார் மேல் புகார் கிடையாது, இன்டர்வியூவில் சொதப்பியது நான்தான்.)

இந்த வருஷமும் சர்க்குலர் வந்தது. "சாரே, இப்ராவசியம் உறப்பாணு" என்று பக்கத்து சீட்டுக்காரர் தைரியம் சொன்னார். கிடைத்தால் வடக்கே எங்காவது போடுவார்கள். அது தெரிந்த விஷயம்தான்.

என் ஊர் மணப்பாறை பக்கம். மனைவியும் மகளும் அங்கேதான், அப்பாவோடு. அப்பாவுக்கு எழுபத்தொன்பது. மாசம் ஒரு தடவை, இரண்டாம் சனிக்கிழமை லீவை ஒட்டி ஊருக்குப் போவேன். முன்பெல்லாம் போனில் "எப்ப வர்றே?" என்று கேட்பார். இப்போது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எப்பக் கிளம்பணும்?" என்று கேட்கிறார். ஞாபகம் கொஞ்சம் தப்புகிறது, அதனால் அன்றைக்கே நாலு தடவை கேட்பார். நாலு தடவையும் "நாளைக்கு சாயங்காலம்ப்பா" என்பேன்.

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி கணக்குப் போட்டேன். மாசத்துக்கு ஒன்றரை நாள். வருஷத்துக்குப் பதினெட்டு. அப்பா இன்னும் ஐந்து வருஷம் இருப்பார் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் தொண்ணூறு நாள்.

தொண்ணூறு நாள் என்பது எங்கள் தொழிலில் பழகிய எண். கடன் தவணை தொண்ணூறு நாளுக்கு மேல் பாக்கி நின்றால் அது வாராக்கடன். ஒரு காலாண்டு எவ்வளவு வேகமாக ஓடும் என்று எங்களைக் கேட்டால் தெரியும். வடக்கே போய் வருஷத்துக்கு இரண்டு தடவை, நாலு நாலு நாள் வந்தால்? ஐந்து வருஷத்துக்கு நாற்பது நாள்!

கல்லூரியில் கணக்குப் பதிவியலின் முதல் பாடமாக 'கோயிங் கன்சர்ன்' என்று ஒன்று சொல்லித் தந்தார்கள். இந்த நிறுவனம் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்கு எழுத வேண்டும். கம்பெனிக்கு சரி. நாம் அதையே வீட்டு மனுஷர்களுக்கும் வைத்துக்கொண்டு விடுகிறோம். அப்பாவோடு உட்கார்ந்து பேசுவது, மகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பது எல்லாம் 'பிறகு' என்ற தலைப்பில் போய் விழுகிறது.

பாளையத்தில் யூனிவர்சிட்டி காலேஜைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை ஞாபகம் வரும். மகாராஜா கல்லூரியாக இருந்தபோது அங்கே தத்துவப் பேராசிரியர். 1855-ல் ஆலப்புழையில் பிறந்தவர். கொஞ்ச காலம் திருவிதாங்கூர் அரசாங்கத்தில் வருவாய்த்துறை உத்தியோகமும் பார்த்துவிட்டு மறுபடி கல்லூரிக்கே வந்தார். மனோன்மணீயம் நாடகம் 1891-ல் வெளிவந்தது. மணப்பாறை பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் நாங்கள் பாடிய தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நாடகத்திலிருந்து எடுத்ததுதான். எழுதியவர் திருவனந்தபுரத்துக்காரர் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவர் 1897-ல் காலமானார். வயது 42. எனக்கு இப்போது 44.

'நீ 42 வரைதான்' என்று யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். முப்பத்தாறு வயதில் புத்தகம் வந்துவிட்டது. 'உத்தியோகம் முடிந்து ஓய்வாக எழுதலாம்' என்று தள்ளி வைத்திருந்தால் நமக்கு அந்த நாடகமும் இல்லை, பாட்டும் இல்லை. நான் நாடகம் எழுதப் போவதில்லை. ஆனால் தள்ளி வைக்கக்கூடாத ஒன்று எனக்கும் இருக்கிறது.

மனைவியிடம் போனில் சொன்னேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. "வீட்டு லோன் இன்னும் ஆறு வருஷம் இருக்கு, பாப்பா காலேஜ் வருது. அதையும் கணக்குல எழுதுங்க" என்றாள். எழுதினேன். சம்பள வித்தியாசம் சின்னது இல்லை. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எனக்கு மேலே உட்காருவார்கள், அதுவும் உறுத்தும். எல்லாவற்றையும் பற்றுப் பக்கம் எழுதிய பிறகும், அந்த நாற்பது நாளை ஏற்க மனசு வரவில்லை. பணம் குறைந்தால் தவணையை நீட்டிக் கேட்கலாம். அப்பா விஷயத்தில் யாரிடம் போய் நீட்டிக் கேட்பது?

விண்ணப்பத்தின் கடைசித் தேதி போன வாரம் முடிந்தது. நான் போடவில்லை. அதற்குப் பதிலாகத் திருச்சி பக்கம் மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறேன். கிடைக்குமா, எப்போது என்று தெரியாது. அன்றைக்குக் கோயில் வழியாகத்தான் திரும்பினேன். தேங்காய் உடைக்கவில்லை, கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். அப்பா வழக்கம்போலக் கேட்பார். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் லீவு சொல்லிவிட்டேன்.